படகுக்குடியின் தொண்ணூற்றொரு தோல்விகள்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, ஆடுவோரைக் கண்டித்துக்கொண்டே இந்த விளையாட்டு மன்றத்தை வளர்த்த பெரியோர்களே, "சாப்பிட வா" என்று நாலு முறை கூப்பிட்டு "இந்த ஒரு ஆட்டம் மட்டும்" என்ற பதிலையே கேட்டுக் கேட்டுச் சலித்த தாய்மார்களே, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கும் இளையோரே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

வரலாற்றுப் போர் பற்றிய கணினி விளையாட்டு ஒன்றின் விரிவாக்கம் நேற்று வெளிவந்தது. அதில் ஆடுபவர் தேர்ந்தெடுத்து ஆள மூன்று புதிய குடிகள். மூன்றையும் ஒப்பிட்டுப் பேசச் சொன்னீர்கள். வெளிவரும் முன் அதை ஆடிச் சோதித்த குழுவுக்குப் பொறுப்பாளன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

குதிரைக்குடிக்கு விரைவே வீரம். விடிவதற்குள் விளைநிலம் தாண்டும். கோட்டைக்குடிக்குக் கல்லே காவல். காலமெல்லாம் முற்றுகையிட்டாலும் கதவு திறக்காது. படகுக்குடிக்கு? மதில் மெலிவு, படை குறைவு, ஆற்றங்கரையில் சில ஊர்கள், நாற்பது ஓடங்கள். யானைப்படை இல்லையா என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். இல்லை ஐயா, இருந்தால் ஓடம் தாங்காது.

நூறு சோதனை ஆட்டங்களில் படகுக்குடி தோற்றது தொண்ணூற்றொன்று. எண்ணே பேசும்போது நான் எதற்குப் பேச வேண்டும்? நீக்கிவிடலாம் என்று அறிக்கை எழுதி நிர்வாகிக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தக் குடியை வடிவமைத்தவரை அலுவலகத்தில் பெரியக்கா என்போம். துடுப்பிலிருந்து படித்துறை வரை இரண்டாண்டு உழைப்பு. அழுதாரா? இல்லை. சண்டைக்கு வந்தாரா? அதுவும் இல்லை. என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன தடவ தோத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தோத்துச்சுன்னு எழுதலையே."

"தோத்தா தோத்ததுதானேக்கா."

"சரி, ஜெயிச்ச ஒன்பது யார் ஆடினது?"

எனக்குத் தெரியவில்லை. ஆட்டப் பதிவுகளைத் திறந்தோம். தோற்றவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றே: கரையில் இறங்கினார்கள், மதில் எழுப்பினார்கள், மதிலுக்குள் மடிந்தார்கள். படகைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைக்குடியாக ஆடியிருக்கிறார்கள். வென்ற ஒன்பதும் ஒருவர் ஆடியவை. ஆடிச் சோதிக்க அரைநாள் வேலைக்கு வரும் ஓர் அம்மா. கணவரின் பணிமாற்றத்தால் பதினெட்டு ஆண்டுகளில் பதினோரு வீடு மாறியவர். அழைத்துக் கேட்டோம்.

"பெருசா ஒண்ணும் இல்ல சார். எதிரி வரான்னு தெரிஞ்சதும் ஊரக் காலி பண்ணிடுவேன். எதத் தூக்கணும், எத விடணும்னு நமக்குப் பழக்கம்தானே."

நிர்வாகிக்கு நம்பிக்கையில்லை. "நானே ஆடிப் பாக்கறேன். நான் ஜெயிச்சா இந்தக் குடி கிடையாது," என்று சொல்லிக் குதிரைக்குடியை எடுத்துக்கொண்டார். படகுக்குடியோடு அந்த அம்மா பக்கத்துத் திரையில் உட்கார்ந்தார். மதிய இடைவேளையில் அலுவலகமே அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூடியது. பெரியக்கா மட்டும் திரையைப் பார்க்காமல் சன்னலோரம் நின்றார்.

முதல் ஊரைப் பிடித்தார் நிர்வாகி, களஞ்சியம் காலி. இரண்டாம் ஊரைப் பிடித்தார், வீதி காலி. ஒன்பது ஊர் பிடித்தார். ஒன்பதிலும் ஒரு பிடி தானியம் இல்லை, ஓர் ஆள் இல்லை. பசியில் குதிரைகள் சரிந்தன, பாதி வழியில் படை கலைந்தது. ஆற்று வளைவிலிருந்து நாற்பது ஓடங்களும் நிதானமாக வந்து அவருடைய தலைநகரின் படித்துறையில் நின்றபோது, தடுக்க ஒருவரும் இல்லை. தலைநகர் விழுந்தது, ஆட்டம் முடிந்தது.

நிர்வாகி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஊரெல்லாம் என்கிட்டதான் இருக்கு. அப்புறம் எப்படித் தோத்தேன்?"

"ஊரு உங்ககிட்ட இருக்கு சார். ஜனங்க எங்கிட்ட இருக்காங்க," என்றார் அந்த அம்மா.

கை தட்டுகிறீர்கள். அன்று அங்கே யாரும் தட்டவில்லை. நிர்வாகி எழுந்துபோய்ச் சன்னலோரம் நின்றவரிடம், "இருக்கட்டும்மா," என்றார். அவ்வளவுதான். பெரியக்கா தலையசைத்துவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைப் பிரித்தார். என் அறிக்கையை நானே திரும்பப் பெற்றேன். வெட்கமாக இருந்தது, மறைப்பானேன்?

ஆகவே அவையோரே, எந்தக் குடி வலியது என்று என்னைக் கேட்பீர்களானால், எது குடி என்று உங்களைக் கேட்பேன். மண்ணா குடி? மதிலா குடி? மதிலேறிப் பறக்கும் கொடியா குடி? மண்ணை இழந்தாலும் மக்களை இழக்காதவர் தோற்றவர் அல்லர். மக்களை இழந்த பின் மண்ணை வைத்திருப்பவர் வென்றவரும் அல்லர். நூறு ஆட்டம் எண்ணியும் நான் காணாத இதை, பதினோரு வீடு மாறிய ஒருவர் எனக்குக் காட்டினார்.

பொறுமையாகக் கேட்டீர்கள்; நன்றி. அடுத்துப் பேசுபவர் என்னைவிடச் சுருக்கமாகப் பேசுவார் என்ற நல்ல செய்தியோடு, வணக்கம் கூறி அமர்கிறேன்.