அடைக்கு உட்காராத காடை

"உங்க பண்ணைக் காடை இந்த முட்டையை அடைகாக்குமாண்ணே?"

திருமங்கலத்திலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். கேட்டவர் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவர். அவர் மடியில் ஒரு தூக்குவாளி; உள்ளே வைக்கோல் மேல் புள்ளி போட்ட ஆறு முட்டைகள். உள்ளங்கையால் அவற்றை மூடியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் காடைப் பண்ணைக்காரர்.

"காக்காது தம்பி. போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காது. நாங்க மிஷின்லதான் பொரிக்கிறோம்."

"காட்டுக் காடையும் அதுவும் பாக்க ஒண்ணு போலத்தான இருக்கு?"

"பாக்கத்தான். நம்மகிட்ட இருக்குறது ஒரு தட்டு விழுந்தாலே எகிறிக் கூண்டுல முட்டிக்கிரும். காட்டுக் காடை அடையில உக்காந்துட்டா எந்திரிக்காது."

மிஷின்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குதிரைவாலி அறுத்துக்கிட்டு இருந்தேண்ணே. உக்காந்திருந்தது நல்லாத் தெரிஞ்சுச்சு. ஹாரன் அடிச்சேன். பறந்துரும்னு நெனச்சுத்தான் நிறுத்தாம விட்டேன். கத்தி அதை அறுத்துட்டு மேலோட போயிருச்சு. அடியில முட்டை அம்புட்டும் அப்படியே கெடந்துச்சு, சூட்டோட."

கண்டக்டர் வந்ததும் பண்ணைக்காரரே இரண்டு டிக்கெட் எடுத்தார்.

மதுரை வந்தது. பஸ் நிற்பதற்குள் எல்லோரும் எழுந்து முண்டியடித்தார்கள்.

"எந்திரி தம்பி, சீக்கிரம் போய் பொரிக்கிற மிஷின்ல வைப்போம்."

மிஷின்காரர் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வண்டி நிக்கட்டும்ணே," என்றார்.