தட்டுவதற்கு ஒரு கதவு

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அயர்லாந்திலிருந்து லீவில் வந்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அங்க அந்தக் காட்டுக்குள்ள ஒத்தை வீட்டுல நான் செத்தா மொதல்ல மாடுகளுக்குத்தானுங்க தெரியும்” என்றாள் அவள்.

“ஏம்புள்ள இப்படிப் பேசற? வீட்டைச் சுத்தி எவ்வளவு பச்சை! சிட்டின்னா ஒரு ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்கோணும்.”

“அன்னைக்கு ரத்தம் போறப்ப அந்தப் பச்சையைப் பார்த்துட்டுத்தான் கெடந்தேன். நீங்க டூட்டிக்குப் போயிட்டீங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள வயித்துல இருந்த புள்ளை போயிருச்சு.”

அவன் குரல் தாழ்ந்தது. “டப்ளின்லயும் பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியாது.”

“தட்டறதுக்கு ஒரு கதவாவது இருக்குமில்லீங்க.”

பஸ் நரசிப்புரத்தைத் தாண்டியது. பிறகு அவனே சொன்னான்: “சரி, திரும்பிப் போனதும் டப்ளின்லயே வீடு பார்க்கறேன்.”

“பாருங்க. நான் அயர்லாந்துக்கே திரும்பி வரலீங்க. இங்கயே இருந்துக்கறேன்னு அம்மாகிட்ட நேத்தே போன்ல சொல்லிட்டேன்.”

அவன் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி, கொள்ளேகால் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.