உச்சிப்பொழுது ஓவர்லோடு

இல்ல தம்பி, செருப்பக் கழட்ட வேணாம், அப்படியே வா. இன்வெர்ட்டரு இந்தா, மாடிப்படிக்கு அடியிலதான் இருக்கு. நான் இந்த மொதப் படியிலயே உக்காந்துக்கிடுதேன், முட்டி வலி, நிக்க முடியல. நீ பாட்டுக்குப் பாரு. ஒம்பேரு பாண்டிதான? ஆங், கடைல சொன்னாவ.

என்ன செய்யுதுன்னா, காலையில இருந்து நல்லா ஓடும். உச்சி வெயிலுக்கு, சோலாரு வரிஞ்சு கட்டிக்கிட்டு வேலை பாக்க வேண்டிய நேரம் பாத்து கீ கீன்னு கத்தும். செவப்பு லைட்டு எரியும். பொறவு படக்குன்னு ஆஃப் ஆயிரும். செத்த நேரம் விட்டு பட்டன அமுக்குனா ஒண்ணும் தெரியாத பிள்ள மாதிரி மறுபடி ஓடும். வெயிலுக்குச் சூடாகுதா? அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா பொழுது அடைஞ்சும் ஒரு தடவ கத்துதே. அப்ப வெயிலு எங்க இருக்கு?

பேட்டரியெல்லாம் பாத்தாச்சுப்பா. டெர்மினல்ல வெள்ளையாப் பூத்துப் போயிருந்துச்சு. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வெந்நி ஊத்தித் தொடச்சு வாசலின் தடவிட்டேன். டிஸ்டில் வாட்டரும் ஊத்தியாச்சு. வீட்டுக்காரரா? வில்சன்னு பேரு, இங்கன மில்லுல எலக்ட்ரீசியன். சிரிக்காத. மில்லுல எத்தன மோட்டாரு வேணாலும் பிரிச்சு மாட்டுவாவ, வீட்டுல ஒரு பல்பு மாட்டச் சொன்னா நாளைக்கும்பாவ. ஊருக்குத்தான் உபதேசம்.

ஏலே, எங்க ஏறப் போற? பேனலப் பாக்கவா? வேணாம் வேணாம். மேல கதவு பூட்டிக் கெடக்கு, சாவி அவியகிட்ட இருக்கு. பஞ்சு படிஞ்சிருக்குமா? படியும்யா, மில்லுகளுக்கு நடுவுல வீட்டக் கட்டிட்டுப் படியாம இருக்குமா, தலமுடியிலயே படியுது. அதெல்லாம் காலையிலதான் தண்ணி ஊத்திக் கழுவுனேன். ஆங்? முட்டி வலியோடயா... காலையில வலி இல்ல, இப்பத்தான் வந்துச்சு. சாவியா? நான் கழுவி முடிச்ச பொறவுதான் அவிய பூட்டி எடுத்துட்டுப் போனாவ. நீ என்னய்யா, கரண்ட் ரிப்பேருக்கு வந்தியா, போலீசு வேலைக்கு வந்தியா?

பேனல்ல இருந்து வார வயரு இங்கதான எறங்குது. இங்க வச்சே மீட்டரப் போட்டுப் பாரேன். வருதா? முழுசா வருதுல்ல. பொறவென்ன, மேல ஒண்ணும் கொறையில்ல.

போன் அடிக்குது பாரு. எடுத்துப் பேசு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

வச்சுட்டியா? யாரு, சித்தப்பாவா? அவிய போட்ட சத்தம் காதுல விழுந்துருச்சுப்பா, ஒட்டுக் கேக்கல. திருப்பூர்லயும் இல்லையாமா? யாரத் தேடுதிய? தங்கச்சியவா. இந்துவா. ம். மம்சாபுரத்துப் பையனோட போயிருச்சா, அதுவும் வேதக்காரப் பையன். நாங்களும் வேதக்காரவுகதான் தம்பி, சொவத்துல சிலுவ தொங்குதுல்ல. அதப் பாத்துட்டுத்தான் தண்ணி வேணாம்னியோ? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காத.

போனது போச்சு, எங்கயாவது நல்லா இருக்கட்டும்னு விட்டுற வேண்டியதுதான?

ஏ ஆத்தா. வெட்டணுமா? ரெண்டு பேரையுமா?

இல்ல, தண்ணி எனக்குத்தான். நீ வேலையப் பாரு. ஏந்தம்பி, அந்தச் சித்தப்பா பேரென்ன? தங்கச்சாமியா. கார்ல ஆள ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போறாவளாக்கும். அப்ப நீ மட்டும் ஏன் போகல? கடையில லீவு தர மாட்டாவன்னு சொல்லிட்டியா. கேட்டியா லீவு? கேக்கவே இல்லையா. ம். அது சரி. வாயி ஒண்ணு சொல்லுது, காலு ஒண்ணு சொல்லுது.

அய்யய்யோ, கத்துது பாரு. இந்தா, செவப்பு லைட்டு. இதத்தான் சொன்னேன். என்ன எழுத்து வருது அதுல? ஓவர்லோடா? அது எப்படி, இங்க ஓடுறது ஒரு ஃபேனு, ஒரு ஃபிரிட்ஜு, அம்புட்டுதான். மிக்சி போடல, அயர்ன் பாக்ஸ் போடல. கேஸ் அடுப்புதான், நீயே எட்டிப் பாரு, ஒல கொதிக்குது. தண்ணி மோட்டாரு ஈபி லைன்ல தனியா இருக்கு.

ஏன்யா அண்ணாந்து பாக்க? மேல ஒத்த ரூம்பு ஒண்ணு கெடக்கு, பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம். மேல போற லைன்லதான் இழுக்கா? கரண்ட் அடுப்பு மாதிரி ஏதோ ஓடுதா? அம்புட்டு துல்லியமாவா காட்டுது அந்த மிசினு?

இரு. அந்த சுவிட்ச ஆஃப் பண்ணிறாத. பண்ணாதங்கேன்ல. படிய மறிக்கேன்னா? ஆமா, மறிக்கத்தான் செய்யுதேன். என்னத் தள்ளிட்டு வேணா ஏறு. தள்ள மாட்டேல்ல? அப்ப உக்காரு. அந்தப் பிளாஸ்டிக் சேர இழுத்துப் போட்டு உக்காரு.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. அந்தப் பிள்ளையக் கடைசியா எங்க பாத்த? காலேஜ் பஸ்ஸுக்கு நீதான் வண்டியில கொண்டு போயி விட்டியா. பஸ்ஸு ஏறுனதும் ஏதும் சொல்லுச்சா? யோசிச்சுச் சொல்லு.

ஹெல்மெட்டப் போட்டுட்டுப் போ அண்ணேன்னுச்சா.

அதான் வீட்டுக்குள்ள வந்தும் கீழ வைக்காம கையில மாட்டிக்கிட்டே இருக்கியா. நானும் வந்ததுல இருந்து பாக்கேன். அழுதா அழுதுருய்யா. சித்தப்பா திருப்பூர்லதான இருக்காவ, இங்க யாரு பாக்கா.

இன்வெர்ட்டருக்கு ஒரு கோளாறும் இல்ல தம்பி. மொத நாளே எங்க வீட்டுக்காரரு ஓவர்லோடுன்னு சொல்லிட்டாவ. என் மேலதான் தப்பு. மாடிக்கு சிலிண்டரத் தூக்கிட்டுப் போனா பக்கத்து வீட்டுல என்னக்கா விசேசம்பாவன்னு கரண்ட் அடுப்பு வாங்கிக் குடுத்தேன். பொகையில்ல, வாசமில்ல, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அது இந்த மாதிரி ஒல வைக்கும்போதெல்லாம் ஊரக் கூட்டும்னு யாரு கண்டா? கீழ சோறு பொங்கித் தாரேன்னு சொன்னாலும் ஒந்தங்கச்சி கேக்க மாட்டேங்கு. ஒக்காந்து திங்கக் கூச்சமா இருக்குங்கு, ரோசக்காரி. ஒங்க வீட்டு ரோசமாத்தான் இருக்கும்.

அந்த மம்சாபுரத்துப் பையன் ஜெபின், என் கூடப் பிறந்தவ மகன். ரிஜிஸ்டர் ஆபீஸ் விசயமா வெளிய போயிருக்கான். நாளைக்குக் கல்யாணக் கையெழுத்து. சாட்சி போட அவன் கூட்டாளிக எத்தனையோ பேரு இருக்கானுவ. இந்தப் பிள்ளதான், எங்கண்ணன் வந்து போட்டாத்தான் நான் போடுவேன், இல்லன்னா இல்லன்னு உக்காந்திருக்கு. அவன் எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டான். அதான் கடைக்குப் போன் போட்டு, பாண்டிய அனுப்புங்க, வேற யாரும் வேணாம்னேன்.

நீ வெட்டணும்னு சொன்னப்ப உன்ன அப்படியே வெளிய அனுப்பிரலாம்னுதான் நெனச்சேன். அடுத்த வீட்டுப் பொம்பளப் பிள்ளைய நம்பி வச்சிருக்கேன், யாரு எவருன்னு தெரியாம மேல ஏத்த முடியுமா? ஒம்மூஞ்சியப் பாக்கணும்னுதான் இம்புட்டுப் பேச்சும் பேசுனேன். பாத்துட்டேன்.

முடிவு நீதான் சொல்லணும். கையெழுத்துப் போடுவியோ மாட்டியோ, அத அவகிட்டயே சொல்லு. போனையும் அந்தப் பையையும் எங்கிட்ட குடு, ஸ்க்ரூடிரைவரு கூட வேணாம். முகத்தத் தொடச்சுக்கோ. இந்தா சாவி, என் இடுப்புலதான் இருந்துச்சு. ஆனா எடுத்ததும் தொறந்துறாத. பாண்டி வந்திருக்கேன்னு ஒம்பேரச் சொல்லித் தட்டு, சத்தமா. நேத்து கேபிள்காரத் தம்பி எனக்குத் தெரியாம ஏறிப் போயி சும்மா கதவத் தட்டிட்டான். அவன அனுப்பிட்டு ஓடிப் போயிப் பாக்கேன், அந்தப் பிள்ள மொட்டமாடிக் கைப்பிடிச் சொவத்து மேல ஏறி நிக்குது.