ஊதித் துடைத்த லென்ஸ்

நெருங்கி உட்காருங்கள். வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்... காரணம் கடைசியில் தெரியும்.

ராத்திரி ஒன்றே முக்கால். பரளச்சி தாண்டி, திருச்சுழி ரோடு. அந்நேரத்துக்கு அங்கே குரைக்க நாய்கூட யோசிக்கும். ரோட்டோரம் தோல் சேர்த்துவைக்கும் ஒரு பழைய கிட்டங்கி. நம்ம வீரசோழன் ஊர் அப்துல் கனி பாயுடையது. உள்ளே தனியாக அவருடைய தங்கை மகன் சபீர்.

பெங்களூர்க் கம்பெனிக்கு லேசர் வடிவமைக்கிறவன். எறும்புத் தலையில் பத்து அடுக்கலாம், அவ்வளவு பொடிச் சில்லு. அதன் வெளிச்சம் நான்கு மணி நேரம் நடுங்காமல் நிற்க வேண்டும். காலை ஆறு மணிக்குள் அதைக் காட்டாவிட்டால் மூன்று வருஷ உழைப்பும் குப்பைக்கு. பந்தல்குடி வீட்டில் லாரி போனால் மேசை அதிரும். அதனால்தான் இந்தக் கனத்த சுவருக்குள் வந்தான்.

கம்ப்யூட்டரில் பச்சைக்கோடு நேராக ஓடியது. ஓடி... துள்ளியது.

சபீருக்குத் தொழில் தெரியும். போன வெளிச்சம் எதன்மேலாவது பட்டு, துளியூண்டு திரும்பி வந்தால் போதும், லேசர் பித்துப் பிடித்து ஆடும். ஆனால் எதிரே கறுப்புத் துணிதான். நடுவில் லேசர் முன்னால் வைத்த லென்ஸைத் தவிர ஒன்றுமில்லை.

சளப்... சளப்...

ஒவ்வொரு சளப்புக்கும் கோடு ஒரு துள்ளு.

லேசரை அணைத்து டார்ச் அடித்தான். லென்ஸ் முழுக்க மஞ்சள் கோழை. அதில் ஒட்டிய ஒற்றை முடி. நாற்றமா அது? ஏழு ஊர்க் காக்கைகள் தூக்கத்திலேயே வாந்தி எடுத்திருக்கும்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். மறுபடி போட்டான். சளப்... மறுபடி கோழை. இப்போது இளஞ்சூடாக. மூன்றாம் முறை துடைத்ததில் பாட்டில் காலி.

மாமாவை போனில் எழுப்பினான்.

"மாமா, இங்க கடைசியா என்ன வச்சிருந்தீக?"

"ஆட்டுத்தோலுதான் மருமகனே. உப்புப் பத்தாம ஒரு லோடு புழுத்துப்போச்சு. அங்கனயே புதைச்சிட்டோம்."

"எங்க?"

"நீ மேசை போட்டிருக்கியே, அதுக்கு நேர் கீழ. ஏன், வாடை அடிக்குதா? மூக்கப் பொத்திக்கிட்டு வாயால மூச்சு விடு."

மணி இரண்டு. இப்போது தொடங்கினால்தான் உண்டு. ஆனால் லென்ஸில் மறுபடியும் கோழை, துடைக்க ஸ்பிரிட் இல்லை.

இந்தத் தொழிலில் செத்தாலும் செய்யாத காரியம், லென்ஸை வாயால் ஊதுவது. சபீர் குனிந்தான். வாயை அகலத் திறந்து, "ஹா..."

வெதுவெதுப்பாக ஏதோ நாக்கில் வழுக்கியது. பதற்றத்தில் விழுங்கிவிட்டான்.

அதன்பின் சளப் இல்லை. லென்ஸ் பளிங்கு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, ஆறு மணிவரை கோடு நேராக நின்றது. கம்பெனி ஒப்புக்கொண்டது.

மத்தியானம் மாமா வீட்டில் பிரியாணி. முதல் கவளத்திலேயே வாயில் முடி.

"ச்சீ... தலைய முடிஞ்சிட்டுச் சமைக்கக் கூடாதா மாமி?"

"ஏலே, நான் முக்காட்டோடதானே நிக்கிறேன்!" என்றாள் சமீனா மாமி.

சபீர் நுனியைப் பிடித்து இழுத்தான். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் வந்தது... இன்னும் கொஞ்சம் வந்தது...

அதற்குமேல் வரவில்லை. தொண்டைக்கு அடியில் வலித்தது.