நேர்முகத்துக்கு ஒரு தோல்வி

நாங்கள் படித்த மாலை வகுப்பில் நாற்காலிகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை. பகலில் அது மழலையர் பள்ளி. சுவரெல்லாம் யானையும் முயலும் வண்ண வண்ண எண்களும். முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வில் எப்படி நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். முதல் வாரம் எங்களுக்கே சிரிப்பு வந்தது.

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். எங்காவது குழப்பினால் தடுத்துக் கேளுங்கள். என்மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். தினமும் டைரி எழுதுவேன் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். அதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வகுப்பில் என்ன சொன்னேன், எந்தப் பதில் வழுக்கியது, அவ்வளவுதான் இருக்கும். நீங்கள் கேட்கிற விஷயம் அதில் இல்லை.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் போன வருடம் நேர்முகத்தில் விழுந்துவிட்டேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது நடுவில் அறுந்துபோய், மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு இரண்டு வாய்ப்புதான். இந்த முறையும் விழுந்தால் ஆயுசுக்கும் கண்ணாடிக் கடைதான்.

வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற மருத்துவர். பல வருடம் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மூணாவது கேள்வி'. முதல் நாளே அவர் சொன்னார்: "முதல் கேள்விக்கு யார் வேணும்னாலும் புளுகலாம். ரெண்டாவதுக்குக் கெட்டிக்காரன் புளுகுவான். மூணாவதுக்கு, நெசமா அங்க நின்னவன் மட்டும்தான் பதில் சொல்ல முடியும்."

எங்களோடு படித்த நர்ஸ் அக்காவிடம் அவர் அதைக் காட்டினார். அக்கா தான் பார்த்துக்கொண்ட ஒரு வயதான நோயாளியைப் பற்றிச் சொன்னார். இரண்டு கேள்வி முடிந்ததும் சார் கேட்டார்: "போர்வை எந்தப் பக்கம் விலகியிருந்துச்சு?"

"இடது பக்கம் சார். வலது கைல டிரிப்ஸ் ஏறிட்டிருந்துச்சு. அவரால இழுத்து விட்டுக்க முடியல."

சார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு.

என் முறை வந்தது. கடைக்கு வந்த ஒரு முதியவருக்குக் கண்ணாடிச் சட்டத்தைப் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்ததைச் சொன்னேன். "அது வியாபாரம்மா" என்றார் சார். எல்லாரும் சிரித்தார்கள். "ஒருத்தர் உன் கண்ணு முன்னாடி தவிச்சு, நீ ஏதாவது செஞ்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்போ தேடிப் போ. வீட்டுல உக்காந்திருந்தா வராது."

நான் தேடிப் போனேன். ஒரு முதியோர் இல்லத்தில் விடுமுறை நாட்களில் சேவைக்குச் சேர்ந்தேன். படுக்கை விரிப்புகளை மடிக்கச் சொன்னார்கள். வாரக்கணக்கில் மடித்தேன். நன்றாக நடத்தப்பட்ட இல்லம் அது. என் கண் முன்னால் யாரும் தவிக்கவில்லை.

நர்ஸ் அக்கா ஒருநாள் படியில் இறங்கும்போது தோளைத் தொட்டு, "வார்டுல நடந்த கத ஒண்ணு தரேன். ஒன்னோடதுன்னு சொல்லிக்கோ. எனக்குத்தான் மூட்ட மூட்டயா இருக்கே" என்றார். நல்ல மனசு. நான் மறுத்துவிட்டேன். இன்னொருவர் அனுபவத்தை என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

சித்தியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். வீட்டிலும் அதே குரல்தான். "பயணிகளின் கவனத்திற்கு, டாக்டரம்மா தட்டைக் கழுவாமல் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்" என்று கூடத்திலிருந்து அறிவிப்பார். அந்தக் குரலுக்குள் மூச்சிரைப்பு இருந்தது யாருக்கும் தெரியாது. வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்ப் இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. வீட்டில் இருந்தால் அது கட்டில் பக்கத்து மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கும்.

அதை ஒருநாள் எடுத்துக் குளியலறை அலமாரியில் வைத்தேன். தூரமில்லை, பாருங்கள். ஒரே வீடுதான். சித்தி தூசி தட்டிக்கொண்டிருந்தார், இரைப்பு வரும் என்று தெரியும். கதவுக்கு வெளியே நின்றேன். இழுப்பறை திறந்து மூடும் சத்தம், பிறகு மறுபடியும் அதே இழுப்பறை. இல்லாத இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேடுவார்கள் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். நாற்காலி சாய்ந்ததும் குளியலறையிலிருந்து பம்ப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உட்காரவைத்து, முன்னால் குனியவைத்து, பம்ப்பை வாயில் வைத்து அழுத்தி, முதுகைத் தடவினேன். அவர் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்கு நிறம் திரும்பியது.

"நீ இல்லன்னா இன்னிக்குக் கடைசி பஸ்ஸுல ஏத்தி விட்டிருப்பீங்கடி என்னய" என்றார், பேச முடிந்ததும். "பம்ப்பைக் குளியலறையில வெச்சுட்டு மறந்திருக்கேன் பாரு. வயசாகுது."

பம்ப்பை அதே இழுப்பறையில் வைத்தேன். அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

வகுப்பில் அதைச் சொன்னேன். சார் மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் பதில் இருந்தது. நகம் பதிந்த இடத்தைக்கூடக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது கால் தரையில் படவில்லை. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. சித்தி நிலையம் முழுக்க என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தனுப்பினார்கள்.

அதோடு நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாரம் சார் சொன்னார்: "காப்பாத்துன கத எல்லாரும் கொண்டுவருவாங்க. குழு அதக் கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு. உன் தோல்வியச் சொல்லுன்னு கேப்பாங்க. உன்னால ஒருத்தருக்கு ஒண்ணு ஆகிப்போச்சு, அத வெச்சுக்கிட்டு நீ எப்படி நிக்கிறேன்னு பாப்பாங்க. அங்கதான் பாதிப் பேர் விழுவாங்க."

வீட்டில் சித்திதான் எனக்குப் பயிற்சி கொடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். "அடுத்த பயணி வரலாம்" என்பார். அன்றும் அப்படித்தான்.

"உங்க வாழ்க்கைல ஒரு தோல்வியச் சொல்லுங்க."

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"என்னம்மா, நேத்துப் பாலப் பொங்கவிட்டியே, அதச் சொல்லேன்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். நான் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்ததில் அவருக்கு இலேசாக இரைத்தது.

நேர்முகத்துக்கு முந்தைய விடுமுறை நாள் மதியம், அம்மா வெளியே போயிருந்தார். நானும் சித்தியும் மட்டும். இந்த முறை பம்ப் இழுப்பறையிலேயே இருந்தது. அதில்தான் ஒன்றும் இல்லை. காலையிலேயே ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தீரும் வரை அழுத்தியிருந்தேன். மாற்றுக்கு வாங்கி வைத்திருந்த புதியதை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அம்மா உதறச் சொன்னதாகச் சொல்லி, பழைய கம்பளியைச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டு என் அறைக்கு வந்தேன்.

கொஞ்சம் தாமதமாகப் போக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எவ்வளவு தாமதம் என்று முடிவுசெய்யவில்லை, அது என் தவறு. சித்தியால் கூப்பிட முடியவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான், அதைத் தட்டினார். சீப்பால் தட்டினார் என்று பிறகு தெரிந்தது. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. போகலாமா என்று ஒவ்வொரு தட்டுக்கும் யோசித்தேன். இப்போது போனால் அதே பழைய கதைதானே ஆகும் என்று தோன்றியது.

நான் போனபோது தட்டுவது நின்றிருந்தது.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் நேர்முகம். அம்மாதான் போகச் சொன்னார். "அவ இருந்தா ஒன்னக் கழுத்தப் பிடிச்சுத் தள்ளியிருப்பா. போயிட்டு வாம்மா" என்று என் உடுப்பைத் தேய்த்துக் கொடுத்தார். குழுவில் ஐந்து பேர். சார் சொன்ன அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"என் சித்தி மூச்சுக்குத் தவித்தபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். உரிய நேரத்தில் போகவில்லை. அவர் இறந்துவிட்டார்" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. குழுவிலிருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அதுக்காக உங்களையே தண்டிச்சுக்காதீங்கம்மா" என்றார். நான் அப்படிச் செய்யமாட்டேன் என்று உறுதி கொடுத்தேன்.

நேர்முகம் முடித்தவர்கள் வகுப்புக்கு வந்து நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும் என்பது சாருடைய வழக்கம். நானும் போய்ச் சொன்னேன். நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சார் முதலில் எப்போது நடந்தது என்று கேட்டார். பிறகு யாரெல்லாம் வீட்டில் இருந்தார்கள் என்று கேட்டார். மூன்றாவதாக, "அடுத்த ரூம்ல என்ன பண்ணிட்டிருந்தே?" என்றார்.

"கேட்டுக்கிட்டிருந்தேன் சார்."

நர்ஸ் அக்கா கையை எடுத்துக்கொண்டார். சார் அந்தக் குட்டி நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தார். அவர் நான்காவது கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஏம்மா போகல?"

"நீங்கதானே சார், தோல்வி ஒண்ணு வேணும்னு சொன்னீங்க."

அவர் எழுந்து வெளியே போய்ப் போன் செய்தார். அது உங்களுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சித்தியை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். கல்லூரியிலிருந்து நேற்றுச் சேதி வந்துவிட்டது, எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்குவதற்குள் இதையெல்லாம் முடித்துவைக்க முடியுமா என்று பாருங்கள். எனக்காகக் கேட்கவில்லை. ஒருவர் தவிக்கும்போது பதறாமல் இருக்கத் தெரிந்த மருத்துவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள். என்னிடம் வரப்போகிற நோயாளிகளை நினைத்துத்தான் கேட்கிறேன்.