பூண்டி வளாகத்தில் ஒரே இடம்

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் எனக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும். பதினோரு வருடமாகத் திருமுருகன்பூண்டியிலிருந்து குண்டடத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போய்வருகிறவள் வேறு எதற்கு ஆசைப்பட முடியும், மேடம்?

எங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று வளாகங்கள். நான் குண்டடம் வளாகத்தில் சாய ஆய்வக உதவியாளர். பூண்டி வளாகத்திலும் அதே ஆய்வகம், அதே வேலை. அங்கே மாதா கோயிலில் மணி அடித்தால் என் வீட்டில் கேட்கும். என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. நடக்க வராது, பேச வராது. அவள் அப்பா எங்களை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. காலை ஆறரைக்கு அவளைக் கட்டிலில் விட்டு வெளியே பூட்டினால், திரும்பி வந்து திறக்க ஏழாகிவிடும்.

இடமாற்றம் கேட்டு ஒன்பது மனு கொடுத்தேன். பதிவாளர் ஃபாதர் கனிவானவர். ஒவ்வொரு முறையும் காப்பி வரவழைப்பார்.

"அங்க ஒரே போஸ்ட்தானுங்கம்மா. பிரிசில்லா இருக்காங்களே. உங்களுக்காக ஜெபம் பண்றேனுங்க."

பிரிசில்லாவிடமே போய்க் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவள், அடுத்த தெருக்காரி, அம்மாவோடு இருக்கிறாள்.

"ஒரே ஒரு வருசம் மாத்திக்கலாமா கண்ணு?"

"எனக்கு பஸ்ஸு ஒத்துக்காதுங்கக்கா. தலை சுத்தும்."

பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் தலைசுற்றலும், என் மகள் பகலெல்லாம் ஈரத்துணியில் கிடப்பதும் ஒன்றா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜூனில் ஆய்வுக்குழு வருகிறதென்று, புட்டிகளை அடுக்கி உதவ என்னை மூன்று நாள் பூண்டி வளாகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாளும் மதியம் நடந்தே வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறு ஊட்டினேன். வேலைநாளில், பகல் வெளிச்சத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அமிலப் புட்டியின் லேபிளை உரித்துவிட்டு, துணி அலசும் கரைசலின் லேபிளை ஒட்டினேன். பிரிசில்லாவின் கையில் கொஞ்சம் பட்டு, சில மாதம் விடுப்பில் போவாள், அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் அதை வெந்நீரில் ஊற்றியிருக்கிறாள். முகத்தில் தெறித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

அதற்குப் பிறகாவது என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். பூண்டி ஆய்வகத்தையே மூடிவிட்டு, சாமான்களை லாரியில் குண்டடத்துக்கு அனுப்பினார்கள். இறக்கி அடுக்கியது நான்தான். பத்தாவது மனுவுக்கும் ஃபாதர் காப்பி வரவழைத்தார்.

"லேபே இல்லீங்களேம்மா இப்ப."

அன்று எனக்கு வந்த எரிச்சலில் பேருந்தில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

பிரிசில்லாவைப் பார்க்கப் போனேன். குரலை வைத்து அடையாளம் கண்டு, என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நான் ஊட்டுல சும்மாதானுங்கக்கா உக்காந்திருக்கேன். பாப்பாவைக் கொண்டாந்து உடுங்க. அம்மாவும் நானும் பாத்துக்கறோம்."

மறுநாளே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் விட்டேன். மூன்று மாதமாக என் மகள் பூட்டிய வீட்டில் இல்லை. பிரிசில்லா அவளுக்குப் பாட்டுப் பாடுகிறாள். தடவித் தடவித் தலைவாரி விடுகிறாள்.

லேபிளின் பசையில் என் கைரேகை இருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மேடம். பிரிசில்லாவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் உள்ளே இருக்கும்போது யாழினியைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?