வரிமீனுக்குத் துணை

— கையை எடு பவுனு. புதுசா வந்தது, பயந்து கிடக்கு.

— நான் ஒண்ணும் தொடல. தட்டை எடுக்க வந்தேன். என்னங்க இது, இன்னொரு மீனா? முந்தாநாள் கொண்டு வந்தது எங்க?

— செத்துப் போச்சு. அது செப்பாட். மலாய்க்காரர் ஒருத்தர் வயல்ல பிடிச்சுச் சும்மா கொடுத்தார். ரொம்பச் சாது. சாதுவைக் கொண்டாந்து இந்த வரிமீனுங்ககூட விட்டது என் தப்பு. பெரியவன் ஒரே நாள்ல செதிலை எல்லாம் உரிச்சுட்டான்.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சே. தரையில நடந்து போச்சே.

— அது பனையேறிக் கெண்டை. சாது இல்ல, அடிக்கு அடி கொடுத்துச்சு. சரியான ஆளுதான் கிடைச்சுதுன்னு நினைச்சேன். ஜாடி மேல பலகையைப் போட மறந்துட்டேன், துள்ளி வெளிய போயிருச்சு. வாசப்படிகிட்ட காஞ்சு கிடந்துச்சு.

— விட்ட இடத்துலயே இருந்திருந்தா பிழைச்சிருக்கும்னு சொல்வீங்களே.

— என்னது?

— ஒண்ணுமில்ல. இது என்ன மீனு, மண்ணோட மண்ணாக் கிடக்கு?

— அயிரை மாதிரி ஒண்ணு. இந்தா பாரு, மீசை இருக்கா? அடியிலயே கிடக்கும், யார் வம்புக்கும் போகாது. ஆனா தொட்டா மின்னல் மாதிரி ஓடிரும். அம்பாங்ல ஈயம் தோண்டின பழைய குட்டை இருக்குல்ல, அங்க நானே இறங்கிப் பிடிச்சேன். பெட்டாலிங் தெருவுல சீனன் கடையில கண்ணாடித் தொட்டியில அழகழகா வச்சிருக்கான். அவன் ஒரு குஞ்சுக்குச் சொல்ற விலையில நம்ம வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு அரிசி வாங்கிடலாம். நமக்கு ஆகுமா அதெல்லாம்?

— அம்பாங்குக்கு நடந்தே போனீங்களா?

— பின்ன? ரயில்வேயில பாதி நாள்தான் வேலைன்னு ஆக்கிட்டாங்களே. பாதி நாள் வீட்ல உட்கார்ந்து உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு என்ன பண்றது?

— ஆமா ஆமா. என் மூஞ்சிய எதுக்குப் பார்க்கணும். சரி, எனக்கு ஒண்ணு புரியல. இருக்கிறது ரெண்டு வரிமீனு. ஆணும் பொண்ணும். அதுங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. மூணாவதா ஒண்ணைத் தேடி எதுக்கு இப்படி ஊர் ஊரா அலையுறீங்க?

— அதுதான் சூசா, பெரிய தொல்லை. எங்க ரயில்வே துரை வீட்டுத் தொட்டி பெருசு. நம்ம கட்டில் நீளம் இருக்கும். அதுல ஒரு கூட்டமே இருந்துச்சு. பெரியவன் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் விரட்டுவான், ஒருத்தருக்கும் பெருசா அடி விழாது. இப்ப இந்த ஜாடிக்குள்ள விரட்டுறதுக்கு அவ ஒருத்திதான் இருக்கா. விடிஞ்சா அடைஞ்சா அவளையே கொத்துறான். சுறுசுறுப்பா, கொஞ்சம் அடி தாங்குற மாதிரி ஒண்ணு நடுவுல இருந்தா அவன் கவனம் பிரியும். சின்னவ கொஞ்சம் மூச்சு விடுவா.

— இதெல்லாம் துரை சொல்லிக் கொடுத்ததா?

— பாதி அவர் சொன்னது, பாதி நானே பார்த்தது. தீனி போட்டதும் தண்ணி மாத்தினதும் நான்தானே. சிக்லிட்டாம் இந்த ஜாதிக்குப் பேரு. கப்பல்ல எங்கிருந்தோ வரவழைச்சார். துரைசாணியை விட இதுங்ககிட்டதான் அதிகம் பேசுவார்.

— அப்படிப் பேசின துரைதான் இதுங்களைச் சாக்கடைக் காண்ல கொட்டச் சொன்னாரு.

— அவருக்கும் வேலை போயிருச்சு பவுனு. உலகம் முழுக்க மந்தமாம். வெள்ளைக்காரனையே வீட்டுக்கு அனுப்புறான். பெட்டியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போயாச்சு, 'நாகையா, தொட்டியைக் காலி பண்ணு, ஆள் வாங்க வரான்'னார். மீனை என்ன பண்றதுன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல. 'காண்ல கொட்டு'ன்னார். கொட்டுனேன். காண்ல தண்ணியே இல்ல. சேத்துல கிடந்து அதுங்க துடிச்ச துடிப்பு... சமையல்காரன் நின்னு சிரிக்கிறான். எனக்கு மனசு கேக்கல. தலைப்பாகையை அவுத்து நனைச்சு, அள்ளுன வரைக்கும் அள்ளுனேன். இந்த ரெண்டுதான் பிழைச்சுது.

— பார்த்தேனே. ஈரத் துணியை மார்போட அணைச்சுக்கிட்டு பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஓடி வந்தீங்க. யாரோ புள்ளைக்கு அடிபட்டுருச்சுன்னு எதிர்வீட்டு வள்ளியம்மாகூடப் பதறி வெளிய வந்தா. அப்புறம் தந்தி ஆபீசுல தூக்கிப் போட்ட இந்தக் கண்ணாடி ஜாடியைக் கெஞ்சி வாங்கிட்டு வந்தீங்க. ஊறுகாய்க்கு ஆகும், குடுங்கன்னேன். மாட்டேன்னுட்டீங்க.

— பேட்டரி ஜாடி அது. திராவகம் ஊத்தி வச்சிருந்தாங்க. சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைத் தோல் போச்சு. அதுல ஊறுகாயா?

— மீனுக்கு மட்டும் ஆகும்.

— என்ன பவுனு, இன்னைக்கு ஒரு மாதிரியாப் பேசுற?

— நல்லாத்தான் பேசுறேன். நீங்க சொல்லுங்க. அந்தச் சின்னது ஏன் ஒரு ஓரமாவே நிக்குது?

— வால் கிழிஞ்சிருக்கு பாரு. நீந்தினா வலிக்கும் போல. அதான் இந்த உடைஞ்ச பூச்சட்டியைக் கவுத்து வச்சேன். ஓட்டை சின்னது. அவ நுழைவா, அவன் உடம்பு நுழையாது. அடி தாங்கலைன்னா உள்ள போய் இருந்துக்குவா. அவனும் கொஞ்ச நேரம் சுத்திப் பார்த்துட்டுப் போயிடுவான். ஒளிய ஒரு இடம் வைக்காம யாரையும் ஒரு ஜாடியில போட்டு அடைக்கக் கூடாது பவுனு. அது கொலை.

— நல்லாச் சொன்னீங்க.

— என்ன சொன்னேன்?

— நம்ம பொண்ணு ராஜம்மாவைக் கேரி தீவுல கட்டிக் கொடுத்தப்ப அங்க ஒளிய இடம் இருக்கான்னு பார்த்தீங்களா?

— ஆரம்பிச்சுட்டியா. அது என் அக்கா வீடு. யாரோ எவரோ இல்ல.

— உங்க அக்கா வீடுதான். அக்கா மகன், சொந்த ரத்தம், கங்காணி வேலை. ஒரே பொழுதுல பேசி முடிச்சுட்டு வந்து எனக்குச் சேதிதான் சொன்னீங்க. பையன் குடிக்கிறான், கை நீட்டி அடிக்கிறான்னு எங்க அண்ணன் மெனக்கெட்டு வந்து சொன்னார். அவரை வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பினீங்க. ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போனார் மனுஷன்.

— உங்க அண்ணனுக்கு எங்க ஆளுங்கன்னாலே ஆகாது. இந்தா பாரு, கல்யாணமான புதுசுல எந்தப் பொண்ணுதான் அழல? நீ அழலியா? எல்லாம் பழகிக்கும்.

— பழகிக்கும்னு இந்த மீனை விட்டீங்களா? ஒரு பொழுது பார்க்குறீங்க. ஒத்து வரலைன்னா உடனே பிரிச்சு எடுத்து என் அண்டாவுல தனியா விடுறீங்க. அவ தீபாவளிக்கு வந்தப்ப உங்க காலைக் கட்டிக்கிட்டு, 'நான் திரும்பிப் போகலப்பா'ன்னா. நீங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ரயிலேத்தினீங்க.

— மீனும் பொண்ணும் ஒண்ணாடி? மீனைப் பிரிச்சா இந்த லைன் வீடுங்கள்ல எவனாவது வந்து ஏன்னு கேப்பானா? மீனுக்கு மானம் இருக்கா? அவளை ரயிலேத்திட்டு வந்து ரெண்டு நாள் நான் சோத்துல கை வைக்கல. அது உனக்குத் தெரியும். நான் என்ன பண்ணட்டும்? நாளைக்கு என் பேரையும் அடிச்சுட்டாங்கன்னா இந்தக் குவாட்டர்ஸ் போயிடும். ஊரைப் பார்க்கப் போன்னு கப்பல்ல ஏத்தி விட்டுடுவான். தினமும் ஆளுங்க போய்ட்டேதான் இருக்காங்க. அப்ப அவளை வச்சுக்கிட்டு எங்க நிக்கிறது? அங்க இருந்தா வேளைக்குச் சோறாவது உண்டு.

— சோறும் உண்டு. உதையும் உண்டு.

— யார் பார்த்தா?

— காது கிழிஞ்சிருக்குங்க.

— காதா? மீனுக்கு ஏது காது?

— ராஜம்மாவுக்கு. இடது காது. கம்மலைக் கழட்டித் தர மாட்டேன்னிருக்கா, பிடிச்சு இழுத்திருக்கான். கம்மல் அவன் கைக்குப் போயிருச்சு. மடல் ரெண்டாத் தொங்குது.

— எவ வந்து சொன்னா இந்தக் கதைய? தீவுலேர்ந்து வர்றவங்க ஒண்ணை ஒம்பதாச் சொல்வாங்க பவுனு. அதைக் கேட்டுட்டு நீ...

— கதை இல்ல. நான் பார்த்தேன். இந்தக் கையாலதான் மஞ்சளைக் குழைச்சு வச்சுக் கட்டினேன்.

— நீ எப்ப தீவுக்குப் போன? எனக்குத் தெரியாம?

— நான் எங்கயும் போகல. ஒண்ணு கேக்குறேன், சுத்தி வளைக்காமப் பதில் சொல்லுங்க. அவ இப்ப வந்து வாசல்ல நின்னா, உள்ள வாம்மான்னு சொல்வீங்களா?

— அதெப்படி, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்காம...

— சொல்வீங்களா, மாட்டீங்களா?

— அவசரப்படாதே. ஞாயித்துக்கிழமை நானே போறேன். அவனைக் கூப்பிட்டு உட்கார வச்சு, பெரியவங்க முன்னால புத்தி சொன்னா அடங்கிடுவான். அவன் அப்படியொண்ணும் கெட்டவன் இல்ல. தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறதைக் குறைச்சுட்டாங்க, அந்த எரிச்சல். இவளும் கொஞ்சம் வாயைக் கட்டிக்கிட்டு, கம்மலைக் கேட்டப்பவே கழட்டிக் கொடுத்திருந்தா...

— போதும்.

— நான் வேண்டாம்னா சொன்னேன்? முதல்ல பேசிப் பார்ப்போம்னுதானே...

— போதுங்க. ராஜம்மா, வெளிய வாடி. கேட்டாச்சு.

— ராஜம்மாவா? அடுப்படியிலயா இருக்கா? ஏம்மா, எப்ப வந்த? நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?

— மத்தியானமே வந்துட்டேன்ப்பா. அம்மாதான், 'நான் ஒரு தடவை கேட்டுப் பார்த்துடறேன், அதுவரைக்கும் நீ வெளிய வராதே'ன்னாங்க.

— இப்படி வெளிச்சத்துக்கு வா. துணியை எடு, பார்க்குறேன். ஐயோ. ஐயோ, என்னடி இது, இப்படியா பண்ணுவான் ஒருத்தன்? என் புள்ளைய... உக்காரும்மா, இங்க உக்காரு. பவுனு, கொஞ்சம் காப்பித் தண்ணி வையேன். நீ போக வேண்டாம்மா. அக்கா என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். நீ இங்கயே இருந்துக்க.

— ஜாடியில கை இடிக்கப் போகுதுப்பா. பார்த்து.

— ஜாடி கிடக்குது!

— நான் இங்க இருக்க வரலப்பா. அவர்கிட்டயும் போகல. கிள்ளான்ல வெரோனிகா அக்கா இருக்காங்க, முன்ன நம்ம பக்கத்து வீட்ல இருந்தாங்களே. அங்க கன்னியாஸ்திரிங்க மடத்துல துணி துவைக்கிற வேலை சொல்லி வச்சிருக்காங்க. மடத்துக்குப் பின்னாலயே ஒரு அறையும் பார்த்துட்டாங்க. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பணும்.

— அப்பன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கப்ப ஊரார் அழுக்கைத் துவைக்கப் போறியா? அதான் இருன்னு சொல்லிட்டேனே!

— இப்பச் சொன்னீங்க. ரத்தத்தைப் பார்த்த பிறகு சொன்னீங்க. அம்மா கேட்டப்பவே சொல்லியிருந்தா இருந்திருப்பேன்ப்பா.

— சரி. அப்பன் மேல கோபம். இருக்கட்டும், நாலு வார்த்தை திட்டிக்க. ஆனா நீ சின்னப் பொண்ணு. தெரியாத ஊர்ல, ஆம்பளைத் துணை இல்லாம, ஒண்டியா ஒரு அறையில எப்படிம்மா இருப்ப? பவுனு, நீயாவது எடுத்துச் சொல்லேன் அவகிட்ட.

— ஒண்டியா இல்லப்பா. அம்மா வராங்க.